கோர்க்கிற ஊர்

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் வேன் நிற்பதற்குள் ஒருவர் கதவைத் திறந்துவிட்டார். "வாங்கம்மா, தறி விலைக்கே எடுக்கலாம்." எந்தக் கடைக்குப் போவது என்று நாங்கள் முன்பே பேசிவைத்திருந்ததைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. ஆட்டோ ஓட்டுபவர், கோயில் வாசலில் செருப்பு பார்த்துக்கொள்பவர், டீக்கடையில் சும்மா உட்கார்ந்திருப்பவர் என்று இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரு பட்டுக்கடை தெரியும். அழைத்துப்போனால் கமிஷன் உண்டு. அந்தக் கமிஷனும் கடைசியில் சேலை விலையில்தான் ஏறும். அதனால் முதல் வேலையாக அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்தோம்.

அண்ணன் மகளுக்குத் தையில் கல்யாணம். நாங்கள் போனது புரட்டாசியில். பலரும் கல்யாணம் வைக்காத மாதம் என்பதால் கடைகளில் கூட்டம் இருக்காது. எடுத்துப்போடும் ஆளுக்கும் பேச நேரம் இருக்கும். வேனில் ஒன்பது பேர். அண்ணி, அண்ணியின் தங்கை, சம்பந்தியம்மா, அவருடைய நாத்தனார், இன்னும் யார் யாரோ. சென்னையிலிருந்து 75 கிலோமீட்டர்தான் என்றாலும் புளியோதரை கட்டிக்கொண்டு கிளம்பியிருந்தோம். காமாட்சியைப் பார்க்காமல் கடைப்படி ஏறக்கூடாது என்று சம்பந்தியம்மா சொல்லிவிட்டதால் தரிசனம் முடிய பத்தரை ஆனது. வரதராஜர் கோயிலுக்கும் போய், மிளகும் சீரகமும் சுக்கும் போட்ட கோயில் இட்லி வாங்கவேண்டும் என்ற என் ஆசை நிறைவேறவில்லை. கைலாசநாதர், ஏகாம்பரநாதர், வைகுண்டப் பெருமாள் என்று கோயில் பார்க்க வருபவர்களின் காஞ்சிபுரம் வேறு; 2019-இல் 48 நாள் அத்திவரதருக்காக வரிசையில் நின்றவர்களின் காஞ்சிபுரம் வேறு. எங்களுடையது பாய் விரித்த மேடையும் மேலே எரியும் வெள்ளை விளக்கும்.

மணப்பெண்ணின் போனில் முந்நூறு படங்கள் இருந்தன. ஐந்து நிகழ்ச்சிக்கு ஐந்து உடை என்பது அவள் கணக்கு. நிச்சயத்துக்கு ஒன்று, மெஹந்திக்கு ஒன்று, சங்கீத்துக்குச் சௌகார்பேட்டையில் எடுத்த லெஹங்கா, ரிசப்ஷனுக்கு இன்னொன்று. காஞ்சிபுரத்துக்கு மிஞ்சியது முகூர்த்தம் மட்டும். ஆனால் ஆரி வேலை செய்த ரவிக்கை, நகை, பூவின் நிறம், மாப்பிள்ளை வேட்டியின் கரை எல்லாம் அந்த ஒரு சேலையைப் பார்த்துத்தான் முடிவாகும் என்பதால், ஐந்தில் கனமானது அதுதான். கனம் என்றால் நிஜமாகவே கனம். நல்ல ஜரிகை போட்ட முகூர்த்தப் பட்டு முக்கால் கிலோவுக்குக் குறையாது.

"ஆனியன் பிங்க் வேணும்" என்றாள்.

கடைக்காரர் நாலைந்து சேலைகளை உதறிப்போட்டார். அண்ணி ஒன்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது வெங்காயச் சருகுடி. உங்க பாட்டி பொட்டியில இருக்கு" என்றாள். சற்றுநேரம் எல்லோரும் சிரித்தோம். கடைக்காரருக்கு இது புதிதில்லை. புதுப் பெயரில் கேட்டு வருகிற நிறங்களில் பாதி, இந்த ஊர் சாயக்காரர்கள் எப்போதோ போட்டுப் பார்த்தவை. மாந்தளிர், கத்திரிப்பூ, அரக்கு, கிளிப்பச்சை, மாம்பழம், மயில்கழுத்து. மயில்கழுத்து என்பது ஒரே சாயமும் இல்லை. பாவு என்கிற நீள இழை ஒரு நிறம், ஊடை என்கிற குறுக்கிழை ஒரு நிறம். அசைந்தால் நீலமும் பச்சையும் மாறி மாறித் தெரியும். எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரோடு ஒட்டிக்கொண்ட எம்.எஸ். நீலம் இந்த ஊர் முத்துச் செட்டியார் அவருக்காகப் போட்ட நிறம். ஒரு பாடகி மேடையில் கட்டியதால் ஒரு நிறம் ஊர் ஊராகக் கேட்கப்பட்டது. போனில் வரும் படங்கள் இன்று செய்வதும் அதே வேலைதான்; வேகம் மட்டும் கூடியிருக்கிறது.

அண்ணன் மகள் காட்டிய படங்களை அடுத்தடுத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று உறுத்தியது. பெரும்பாலான சேலைகளில் உடலும் கரையும் ஒரே நிறம். சிலவற்றில் கரையே இல்லை. இது இந்தத் தலைமுறையின் ரசனை என்று நினைத்தேன். மத்தியானம் பிள்ளையார்பாளையத்துக்குப் போனபின் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

காந்தி ரோட்டின் கண்ணாடிக் கடைகளிலிருந்து பிள்ளையார்பாளையம் தொலைவில் இல்லை. இருந்தும் சேலை எடுக்க வருகிறவர்களில் அங்கே எட்டிப்பார்ப்பவர்கள் குறைவு. ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள், முன்கட்டில் தறி. காலையில் வந்தால் தெருவின் நீளத்துக்குப் பாவு நீட்டி, அறுந்த இழைகளைச் சேர்த்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். நாங்கள் போன நேரத்தில் தெரு காலியாக இருந்தது. வீட்டுக்குள்ளிருந்து பலகை அடிக்கும் சத்தம் மட்டும். அண்ணியின் தோழிக்குத் தெரிந்த நெசவாளர் ஒருவர் குழித்தறியில் இடுப்புவரை இறங்கி உட்கார்ந்திருந்தார். வலது பக்கம் அவர் மனைவி.

அவர் போட்டுக்கொண்டிருந்தது கோர்வைச் சேலை. பெயரிலேயே விஷயம் இருக்கிறது. உடல் ஒரு நிறம், இரண்டு பக்கக் கரையும் வேறு நிறம் என்றால், ஒரே ஊடையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓட்ட முடியாது. ஓட்டினால் நிறம் கலங்கிவிடும். அதனால் ஊடையை ஓட்டும் நாடா மூன்று. நடுவில் உடலுக்கு ஒன்று, ஓரங்களில் கரைக்கு ஒவ்வொன்று. ஒவ்வொரு இழைக்கும் உடல் ஊடையும் கரை ஊடையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று கொக்கி போட்டதுபோல் பிடித்துத் திரும்பவேண்டும். வலது கோடி நாடா நெசவாளரின் கைக்கு எட்டாது. அங்கே இன்னொரு ஆள் வேண்டும். அவர் போட, அந்தம்மா வாங்கித் திருப்ப, பலகை விழுகிறது. ஒரு நாள் முழுக்க இப்படிப் போட்டால் முழம் கணக்கில்தான் சேலை வளரும். பதினைந்து நாள், இருபது நாள் என்று போகும்.

முந்தானைக்கு இன்னொரு கோர்ப்பு உண்டு. அதைப் பெட்னி என்கிறார்கள். முந்தி வேறு நிறத்தில் வேண்டுமென்றால் பாவையே மாற்றவேண்டும். உடல் பாவு முடிகிற இடத்தில், ஆயிரக்கணக்கான இழைகளையும் புதிய பாவின் இழைகளோடு ஒவ்வொன்றாகப் பிணைத்து, சற்றுத் தூரம் நெய்தபின் பழையதை வெட்டிவிடுவார்கள். உடலும் முந்தியும் சேருமிடத்தில் விரலால் தடவினால் சின்ன மேடு தட்டுப்படும். கடைகளில் அதை யாரும் காட்டுவதில்லை, நாம்தான் தேடவேண்டும். சேலையைத் திருப்பிப்போட்டால் உடலும் கரையும் சேருமிடத்திலும் அந்தக் கோர்ப்பு தெரியும்.

"பக்கத்துல நாடா வாங்க ஆள் கிடைக்கிறதில்லம்மா. முன்னெல்லாம் வீட்டுக்கு வீடு பசங்க இருந்தாங்க. இப்ப பள்ளிக்கூடம் போறாங்க, முடிச்சதும் ஒரகடம் கம்பெனிக்குப் போயிடறாங்க" என்றார் நெசவாளர். வருத்தத்தோடு சொன்னாரா என்று தெரியவில்லை. அவர் மகனும் அப்படிப் போனவன்தான்.

அந்தப் 'பசங்க' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு பழைய அநியாயம் இருக்கிறது. வலது கோடி நாடாவை வாங்க ஒரு காலத்தில் இந்த ஊரில் சிறுவர்களைத்தான் உட்கார வைத்தார்கள். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பிள்ளைகள் தறியடியில் வளர்ந்தார்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. காஞ்சிபுரத்துத் தெருக்களுக்கு அது வந்துசேர மேலும் பல வருடம் ஆயிற்று. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் அவர்கள் எழுந்துபோன இடத்தில் கூலி கொடுத்து ஒரு பெரிய ஆளை உட்காரவைக்கச் சேலை விலை இடம் கொடுக்கவில்லை. மனைவி உட்கார்ந்தார். மனைவிக்கு முடியாதபோது கோர்வையை விட்டுவிட்டு ஒரே ஊடையில் ஓடுகிற சேலைக்கு மாறினார்கள். உடலும் கரையும் ஒரே நிறம். அல்லது கரையே இல்லை.

நம் ரசனை மாறியதால் தறி மாறியதா, தறியில் இரண்டாவது ஆள் இல்லாததால் நம் ரசனை மாறியதா? இரண்டும் கலந்துதான் இருக்கும். ஆனால் போனில் வந்த அந்த முந்நூறு படங்களில் கால்வாசியாவது வலது பக்கம் உட்கார ஆள் இல்லாததன் விளைவு என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

இந்த ஊரைப் பற்றி இன்னொரு வேடிக்கை சொல்லவேண்டும். பட்டுக்குப் பெயர்பெற்ற ஊரின் நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை என்றாலே சூரத். அதை நம்பியிருப்பதைக் குறைக்கத்தான் அரசே இங்கே தமிழ்நாடு ஜரிகை ஆலையைத் தொடங்கியது. விற்பனையோ சென்னை தியாகராய நகரில். காஞ்சிபுரத்திலிருந்து போன நல்லி சின்னசாமி செட்டியார் 1928-இல் அங்கே கடை போட்டதிலிருந்து நடக்கிற கதை அது. பட்டுப்பூச்சியும் இல்லை, வெள்ளியும் இல்லை. பாலாற்றுத் தண்ணீரால்தான் பட்டுக்கு இந்த மினுக்கம் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள், ஆற்றில்தான் தண்ணீரைக் காணோம். ஊருக்கென்று இருப்பது கோர்க்கத் தெரிந்த கை ஒன்றுதான். 2005-06-இல் கிடைத்த புவிசார் குறியீடும் அந்தக் கைக்குத்தான்.

முத்திரைகளைப் பற்றிக் கடையில் குழப்பம் அதிகம். சில்க் மார்க் இருந்தால் நூல் சுத்தப் பட்டு என்று அர்த்தம், அவ்வளவே. ஜரிகையைப் பற்றியும் அது பேசாது, கைத்தறியா விசைத்தறியா என்றும் சொல்லாது. கைத்தறிக்குத் தனி முத்திரை இருக்கிறது. ஜரிகையில் ஒரு சொல் பொல்லாதது: 'டெஸ்டட் ஜரிகை'. சோதித்துத் தரம் பார்த்தது என்று நினைத்து அண்ணியின் தங்கை தலையாட்டினாள். வியாபாரத்தில் அதற்கு அர்த்தம் செம்புக் கம்பியில் முலாம் பூசியது. அசல் ஜரிகையில் பட்டிழையைச் சுற்றி வெள்ளித் தகடு, அதன்மேல் தங்க முலாம். கூட்டுறவுச் சங்கங்கள் போடும் ஜரிகைக்கு வெள்ளி 40 சதவீதம், தங்கம் 0.5 சதவீதம் என்று கணக்கு. சுரண்டிப் பார்த்தால் உள்ளே சிவப்புப் பட்டிழை தெரியும்.

இதெல்லாம் பட்டுத் தெரிந்துகொண்டதுதான். என் கல்யாணச் சேலையை இதே ரோட்டில் ஒரு கடையில் எடுத்தோம். எட்டு வருடத்தில் ஜரிகை கறுத்து, மடிப்பில் உதிர்ந்தது. அம்மாவின் சேலையோ வேறு. பட்டு இற்றுப்போனபின் 'பழைய பட்டுப்புடவை' என்று கூவிக்கொண்டு வந்தவர் கரையின் ஓரத்தைக் கொளுத்திப் பார்த்துவிட்டு, மறுபேச்சில்லாமல் எடைபோட்டுப் பணம் கொடுத்துவிட்டுப் போனார்.

தனியார் கடைகளை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். தேர்வு அங்கேதான் அதிகம். ஆனால் முருகன், காமாட்சியம்மன், திருவள்ளுவர், அறிஞர் அண்ணா என்று பெயர் வைத்த கூட்டுறவுச் சங்கங்களுக்கும் ஒரு நடை போய்வரலாம். (அண்ணா இந்த ஊர்க்காரர் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.) விளக்கு மங்கலாக இருக்கும், எடுத்துப்போடும் ஆள் சிரிக்கமாட்டார், ஜரிகை விஷயத்தில் மட்டும் மனக்கவலை இருக்காது.

நாங்கள் போன சங்கத்தில் எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. டொராண்டோவிலிருந்து வந்த யாழ்ப்பாணத்துக்காரர்கள். "கூறை எடுக்க வந்தனாங்கள்" என்றார் அந்த அம்மா. அவர்கள் வழக்கத்தில் கூறையைக் கொண்டுவருவது மாப்பிள்ளை வீடு. தட்டில் தாலியோடு வைத்துச் சபையில் எல்லோரும் தொட்டு ஆசீர்வதித்தபின், மணமகள் போய் அதை மாற்றிக்கொண்டு வந்துதான் தாலி ஏறும். அதனால் பெண் இல்லாமலே வந்திருந்தார்கள். மாப்பிள்ளைப் பையன் வீடியோ அழைப்பில் பெண்ணுக்கு ஒவ்வொன்றாகக் காட்ட, அங்கே நடுராத்திரியில் அவள் கொட்டாவி விட்டுக்கொண்டே வேண்டாம் வேண்டாம் என்றாள். கடைசியில் தேறியது அரக்கில் மாம்பழக் கரை. கோர்வை.

பிரியதர்ஷன் எடுத்த 'காஞ்சிவரம்' படத்தில் பிரகாஷ்ராஜ் தன் மகளைப் பட்டுடுத்தி அனுப்புவதாகச் சொல்லிவிட்டு, முதலாளி கொடுத்த நூலிலிருந்து இழை இழையாகத் திருடுவார். சுதந்திரத்துக்கு முந்திய கதை. பிள்ளையார்பாளையத்தில் நெசவாளரின் மனைவி சாதாரண நூல் சேலை கட்டிக்கொண்டு, மடியில் வெள்ளிக் கரையை வைத்துக்கொண்டு நாடா வாங்கியபோது எனக்கு அந்தப் படம்தான் ஞாபகம் வந்தது. அவரிடம் ஏதும் கேட்கவில்லை.

கேட்டது அண்ணன் மகள். தறிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, வலது கோடி நாடாவைத் தான் ஒருமுறை வாங்கிப் பார்க்கலாமா என்றாள். அந்தம்மா சிரித்துக்கொண்டே நகர்ந்து இடம் கொடுத்தார். முதல் இழை கொக்கி பிடிக்காமல் தொங்கியது. நெசவாளர் அதைப் பிரித்து மறுபடி போட்டார். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது முறை அந்தம்மா அவள் கையைப் பிடித்து வைத்து இழையைத் திருப்பினார்.

வெங்காயச் சருகு உடல், கத்திரிப்பூக் கரை, கரையில் மயில்கண்ணும் மேலே ஒரு வரி ருத்ராட்சமும் என்று முடிவானது. கரையில்லாத சேலையின் படம் போனில் எங்கேயோ கீழே போய்விட்டது.

"எப்ப கிடைக்கும்ணா?" என்று நெசவாளரைக் கேட்டாள் அண்ணி.

"சாயம் போட்டு, பாவு ஏத்தி, இருபது இருபத்தஞ்சு நாள் வையுங்க." வாசல் பக்கம் பார்த்தார். "ஐப்பசி மழை ஊத்திச்சுன்னா குழியில தண்ணி ஊறிடும். அப்ப தறியில உட்கார முடியாது. மழை விட்டதும் போன் பண்றேன்."