பாசி கற்பித்த பாடம்

தமிழாசிரியப் பணியினின்று ஓய்வு பெற்ற பின் ஒரு கோடையில், யான் என் மகனுடன் ஐசுலாந்து நாட்டிற்குச் சென்றேன். வட அட்லாண்டிக் பெருங்கடலில், ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டி விளங்கும் தீவு அது. குறிஞ்சி முதல் பாலை ஈறாக ஐவகை நிலங்களைப் பல்லாண்டு கற்பித்த எனக்கு, அவ்வைந்தனுள்ளும் அடங்காத நிலம் ஒன்று ஆங்குக் காத்திருந்தது.

தலைநகராகிய இரேக்கியவிக்கிலிருந்து ஒருநாட் காலையில் மகிழுந்தில் புறப்பட்டோம். மகன் வண்டியைச் செலுத்தினான். தீவினைச் சுற்றிச் செல்லும் நெடுஞ்சாலையில் கிழக்கு நோக்கிச் சென்றோம். ஒருபுறம் கடல், மறுபுறம் பனி போர்த்த மலைகள். அப்பனியின் அடியில் நெருப்பு உறங்குகிறது! 2010ஆம் ஆண்டில் அம்மலைகளுள் ஒன்று கக்கிய சாம்பல், ஐரோப்பிய வானூர்திகளுள் பெரும்பாலானவற்றைப் பல நாள் தரையில் நிறுத்திவிட்டது.

நண்பகலுக்குப் பின் எல்ட்ராவுன் என்னும் வெளியை அடைந்தோம். 1783ஆம் ஆண்டில் லாக்கி என்னுமிடத்தில் நிலம் பிளந்து, எட்டுத் திங்கள் நெருப்புக் குழம்பைப் பொழிந்தது. உடன் எழுந்த நச்சுக் காற்றால் புல் கெட்டது; கால்நடைகள் மாண்டன; தொடர்ந்த பஞ்சத்தில் அந்நாட்டு மக்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் மடிந்தனர். அன்று உறைந்த குழம்பே இன்று கண்ணுக்கெட்டிய தொலைவு கரும்பாறையாய்க் கிடக்கிறது. அதன்மேல், பஞ்சணை விரித்தாற்போல், சாம்பல் கலந்த பசுமை நிறப் பாசி படர்ந்திருந்தது.

முழங்கால் வலியால் களைத்திருந்த யான், அப்பஞ்சணையில் அமர எண்ணிப் பாதையை விட்டு விலகி இரண்டடி வைத்தேன். “அப்பா, மிதிக்காதீர்கள்!” என்று மகன் கூவினான். திரும்பிப் பார்த்தேன். என் கால் பட்ட இடங்களில் பாசி பெயர்ந்து கரும்பாறை தெரிந்தது. “இந்தப் புண் ஆறப் பல பத்தாண்டுகள் ஆகும்” என்றான் அவன். 240 ஆண்டுகளாக இயற்கை மெல்ல நெய்த போர்வையை ஒரு நொடியில் கிழித்துவிட்டேன். வாழ்நாளெல்லாம் பிறர்க்கு அடக்கம் போதித்த யான், நாணித் தலைகுனிந்தேன்.

மாலையில் யோகுல்சார்லோன் ஏரியை அடைந்தோம். வத்னாயோகுல் என்னும் பெரும் பனிப்பரப்பினின்று இறங்கும் பனியாறு ஒன்று அவ்வேரியில் முடிகிறது. அதனின்று உடைந்த பனிப்பாறைகள், நீலமும் வெண்மையுமாய் மிதந்து கடலை நோக்கிச் சென்றன. என்னே அக்காட்சியின் எழில்! ஆயினும், 100 ஆண்டுகளுக்கு முன் அவ்வேரியே இல்லை என்பதையும், பனியாறு உருகிப் பின்வாங்கப் பின்வாங்க அது வளர்ந்து வருகிறது என்பதையும் அறிந்தபோது என் உள்ளம் கனத்தது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து உலகை நாம் வெப்பமாக்குவதே இந்நாளில் அது விரைந்து உருகுவதற்குப் பெருங்காரணம். எம்மைச் சுமந்து வந்த வண்டியும் எண்ணெயால் ஓடியதன்றோ? மிதந்து சென்ற ஒவ்வொரு பனிப்பாறையிலும் என் காலடிச் சுவட்டையே கண்டேன்.

மாணவச் செல்வங்களே! நெருப்பு அழித்த நிலத்தை அறிவற்ற சிறு பாசி பொறுமையோடு உயிர்ப்பிக்கின்றது. அறிவுடைய நாம், அடி வைக்குமுன் நிலத்தை நோக்கும் பழக்கத்தையேனும் கற்றுக்கொள்வோமாக.