பீப்பாயும் பிரஷர் குக்கரும்

நாட்டிங்ஹாமில் என் பெண் வீட்டில் போய் இறங்கிய மூன்றாம் நாளே, அங்கே எனக்குத் தெரியாமல் எதையோ ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று புரிந்துவிட்டது. கார் நிறுத்தும் கொட்டகைப் பக்கம் நான் திரும்பினால் போதும், "அங்கே ஒரே குப்பை அம்மா, போகாதே!" என்று பெண் ஓடி வருவாள். மாப்பிள்ளையோ என்னைக் கண்டதும் கொட்டகைச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்.

ஒரு சனிக்கிழமை காலை. பெண் கடைக்குப் போயிருந்தாள். கொட்டகையிலிருந்து 'டங், டங்' என்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பளபளவென்று ஓர் எவர்சில்வர் பீப்பாய். பக்கத்தில் கரியமில வாயு ஸிலிண்டர். நடுவே கையில் ஸ்பானருடன் மாப்பிள்ளை!

"என்ன மாப்பிள்ளை இது?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. "வந்து... பீர், அத்தை. வீட்டிலேயே காய்ச்சினது."

இந்த இடத்தில் என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1971-இல் தமிழ்நாட்டில் மதுவிலக்கை நிறுத்தி வைத்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. அதற்கு முன் என் அப்பா குடித்து நான் பார்த்ததில்லை; அதற்குப் பின் அவர் குடிக்காமல் வீடு திரும்பியதைப் பார்த்தது அபூர்வம். அம்மாவின் வளையல்கள் போயின; வெண்கலப் பானை போயிற்று; கடைசியில் அப்பாவும் போனார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் 'தண்ணீர் குடி' என்று சொல்லமாட்டோம். 'தண்ணீர் சாப்பிடு' என்போம். இதெல்லாம் என் பெண்ணுக்குத் தெரியும். சாவி சட்டைப் பைக்குள் போன காரணமும் அதுதான்.

பேசாமல் திரும்பி வந்திருப்பேன். ஆனால் மாப்பிள்ளை செய்யப் போன காரியம் என்னைத் திரும்ப விடவில்லை.

"குழாய் அடைத்துக்கொண்டது, அத்தை. சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது" என்று சொல்லிக்கொண்டே, பீப்பாயின் தலையில் இருந்த திருகில் ஸ்பானரை மாட்டினார்.

"உள்ளே வாயு இருக்கிறதா?"

"நிறைய இருக்கிறது."

"நன்றாயிருக்கிறது! ஆவி இறங்காமல் குக்கரை யாராவது திறப்பார்களா? ஸ்பானரைக் கீழே வையுங்கள், மாப்பிள்ளை!"

முதலில் ஸிலிண்டரை மூடச் சொன்னேன். பீப்பாயின் மூடிமேல் ஒரு சிறு வளையம் இருந்தது. அதை இழுத்துப் பிடித்ததும் 'புஸ்ஸ்...' என்று சீறிற்று. சீறல் முழுக்க அடங்கும் வரை அவரை விடவில்லை.

பிறகுதான் விஷயத்தைக் கேட்டேன். பத்தொன்பது லிட்டர் பிடிக்கும் பீப்பாய் அது. மேலிருந்து அடிவரை உள்ளே ஒரு நீளக் குழல் போகிறது. வாயு பீரை அழுத்த, அது குழல் வழியாக ஏறிக் குழாய்க்கு வருகிறது. கசப்புக்கும் மணத்துக்கும் போடும் ஹாப்ஸ் என்ற பச்சைப் பூவைத் துணிப்பையில் கட்டிப் போட்டிருக்கிறார்; முடிச்சு அவிழ்ந்து, பூவிதழெல்லாம் குழலின் வாயில் போய் அடைத்துக்கொண்டது.

காபி பில்டரில் பொடி போய்க் கண்ணை அடைத்தால், மேலேயிருந்து தண்ணீர் ஊற்றி என்ன பிரயோஜனம்? கவிழ்த்துப் பிடித்து, அடியிலிருந்து ஊதினால்தானே திறக்கும்? இதைச் சொன்னேன். மாப்பிள்ளை கெட்டிக்காரர், உடனே பிடித்துக்கொண்டார். வாயுக் குழாயின் முனையை மாற்றி, பீர் வெளியே வருகிற வாயிலேயே மாட்டி, ஒரு நொடி திறந்து மூடினார். உள்ளே 'குடகுட'வென்று சத்தம்! மறுபடி பழையபடி மாட்டித் திறந்தால், அரைத் தம்ளர் வந்தது, மீண்டும் நின்றுவிட்டது.

"இனிக் கழற்றத்தான் வேண்டும்" என்றேன். மறுபடி வாயுவை இறக்கிவிட்டுக் கழற்றினார். குழலின் அடியில் அரைத்த கீரை மாதிரி பச்சை விழுது! மேலே, திருகுக்குள் இருந்த சின்ன ஸ்பிரிங் அடைப்பிலும் அதே விழுது. எல்லாவற்றையும் கழுவி, கிருமி நாசினியில் நனைத்து வைத்தார். அவிழ்ந்த பையை இடுக்கியால் எடுத்தோம். கஷாயத்துக்கு மருந்தைத் துணியில் முடிகிறோமே, அந்த முடிச்சை அவருக்குக் காட்டிக் கொடுத்தேன்.

கை வேலையாயிருக்கும்போது வாய் தானாகத் திறக்கிறது. அடுத்த வீட்டுக் கிழவருக்கு அன்று எண்பது வயதாம். காய்ச்சக் கற்றுக் கொடுத்தவரே அவர்தானாம். அவருக்காகத்தான் இந்தப் பீப்பாய்! சொந்த உபயோகத்துக்குக் காய்ச்ச 1963 முதல் அங்கே லைசென்ஸ் வேண்டியதில்லை, விற்கத்தான் கூடாது என்றும் சொன்னார். நானும் என் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். பன்னிரண்டு வருஷத்தில் மாப்பிள்ளையிடம் அதை நான் பேசியது அன்றுதான்.

அவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "உங்கள் மனம் நோகக்கூடாது என்றுதான் மறைத்தேன், அத்தை" என்றார்.

"பீப்பாயைக் கண்டு நான் பயப்படவில்லை, மாப்பிள்ளை. சாவியைக் கண்டுதான் பயந்தேன். என் அப்பாவும் முதலில் மறைத்துத்தான் ஆரம்பித்தார்."

சாயங்காலம் குழாய் தாராளமாக வந்தது. கிழவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு ஒரு தம்ளர் ஆரஞ்சு ரசம். என் அபிப்பிராயம் அணுவளவும் மாறவில்லை. ஆனால் அன்று முதல் கொட்டகைச் சாவி சமையலறை ஆணியில் தொங்குகிறது.

ஊர் திரும்பிய பிறகு, வாராவாரம் டெலிபோனில் மாப்பிள்ளையையும் கூப்பிட்டு, "பீப்பாய் எந்த மட்டில் இருக்கிறது?" என்று கேட்கிறேன். புதிதாகக் காய்ச்சி இரண்டு மாதமாயிற்றாம். இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறதாம். ஒரு பீப்பாய் காலியாகவில்லை என்று கேட்டு இவ்வளவு சந்தோஷப்படுகிற மாமியார் வேறு யாராவது இருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகந்தான்!