கொல்லைச் சருகு

புரட்டாசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டு விளக்குமாறு கிணற்றடியைத் தாண்டக் கூடாது. பாட்டியின் சட்டம் அது. ஸ்ரீரங்கத்தில் வடக்குச் சித்திரை வீதியில் இருந்த அந்த வீடு, அந்தக் காலத்து வீடுகளுக்கே உரிய நீளம். ரேழி, கூடம், முற்றம், அடுக்களை எல்லாம் தாண்டிப் போனால் கிணறும் துளசி மாடமும் மாட்டுக் கொட்டிலும். அதற்கப்பால் ஒரு மாமரம், கறிவேப்பிலை, வாழைக் கன்றுகள். மாவிலையும் வாழைச் சருகுமாகக் கணுக்கால் புதையக் குப்பை சேரும். பாம்பு வரும் என்று அம்மா பயப்படுவாள். "வரட்டுமே. அதுக்கு முன்னாடி வரவேண்டியவா வந்துடுவா" என்பாள் பாட்டி.

அடைமழைக்கு முன் பறவைகளுக்குச் செய்ய வேண்டிய வேலைகள் அவளுக்கு நிறைய இருந்தன. லால்குடிப் பக்கம் குறுவை அறுத்ததும் எங்கள் குத்தகைக்காரர் புது நெல்லோடு ஒரு கட்டுக் கதிரும் கொண்டுவருவார். தாள்களைச் சேர்த்துப் பின்னி, கதிர்கள் கீழே தொங்கும்படி தாவாரத்து உத்தரத்தில் கட்டிவிடுவாள். சிட்டுக்குருவிகள் அதில் தலைகீழாகத் தொங்கும். ஒரு நெல்லை உருவி, அலகின் ஓரத்தில் வைத்து உருட்டி, உமியைத் தள்ளிவிட்டு அரிசியை மட்டும் விழுங்கும். அந்த லாகவத்தைப் பார்த்துக்கொண்டே நான் பள்ளிக்கூடத்துக்கு நேரமாக்கியிருக்கிறேன். குழவி தொலைந்த பழைய ஆட்டுக்கல் ஒன்று மாமரத்தடியில் கிடக்கும். அதன் குழியில் தினமும் தண்ணீர் மாற்றுவது என் வேலை. தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து, சண்டை போட்டுக்கொண்டே குளிக்கும்.

அது 1977ஆம் வருஷத்து நவராத்திரி. கூடத்தில் கொலு. கீழ்ப்படிக்கு முன்னால் அக்காவும் நானும் மணல் பரப்பி, கேழ்வரகு தெளித்து ஒரு பார்க் அமைத்திருந்தோம். பயிர் விரற்கடை உயரம் வந்திருந்தது. சுண்டல் வாங்க வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு, முற்றத்து வழியாக ஏதோ ஒன்று உள்ளே பாய்ந்து, சுவரில் மோதி அந்தக் கேழ்வரகுக்குள் விழுந்தது.

"பொம்மை விழுந்திருக்கு பாட்டி" என்றாள் அக்கா. அவள்மேல் தப்பில்லை. முதுகெல்லாம் பச்சை. இறக்கையில் மின்னும் நீலத் திட்டு. மார்பு சந்தன நிறம், வாலடியில் குங்குமச் சிவப்பு. தொண்டை வெள்ளை. கண்ணை ஒட்டிப் பிடரிவரை கறுப்புப் பட்டை. வால் இருக்கிறதா என்று தேட வேண்டும், அத்தனை குட்டை. அலகைத் திறந்து மூச்சு வாங்கியது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்வது நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

"ஆறுமணிக் குருவிடா. காசிப் பக்கத்திலேருந்து பறந்து வர்றது. முதல்ல விளக்கை அணை."

அக்கா தீர்த்தச் சொம்போடு ஓடி வந்தாள். பாட்டி தடுத்துவிட்டாள். மயங்கிக் கிடப்பதன் அலகில் தண்ணீர் விட்டால் புரையேறிச் செத்துப்போகுமாம். பழைய நூல்புடவைத் துணியால் பறவையை மெதுவாக எடுத்து, பத்தாய உள்ளில் தரையில் வைத்து, காய்கறிக் கூடையைக் கவிழ்த்து மூடினாள். பூனை நுழையாதபடி கதவைச் சாத்தினாள். அன்றிரவு நான் தூங்கினேனா என்பதே சந்தேகம்.

விடியும் முன்பு கூடையோடு கொல்லைக்குக் கொண்டுபோய்ச் சருகின்மேல் வைத்து அவள் கூடையைத் தூக்கினாள். பறவை அசையவில்லை. பிறகு இரண்டு தத்து தத்தியது. ஒரு மாவிலையை அலகால் பிடித்துத் தூக்கி ஓரமாக எறிந்தது. அதற்கடியில் நெளிந்த மண்புழுவைப் பிடித்து இழுத்தது. எனக்கு அப்போதுதான் விளங்கியது, பாட்டி ஏன் பெருக்க விடவில்லை என்று. புழுவும் பூச்சியும் சருகுக்கடியில்தான் இருக்கின்றன. இது தரையில் கிளறித் தின்னும் பறவை. பெருக்கிய கொல்லை இதற்குப் பட்டினி.

எங்கள் கொல்லையிலேயே தங்கிவிட்டது. காலை ஆறு மணி வாக்கில் ஒரு இரட்டைச் சீழ்க்கை, சாயங்காலம் அதே நேரத்துக்கு மறுபடி. ஐப்பசி பிறந்ததும் பாட்டி துலா ஸ்நானத்துக்குக் காவிரிக்கரை அம்மா மண்டபம் போவாள். பெருமாள் திருமஞ்சனத்துக்குத் தங்கக் குடத்தில் காவிரித் தீர்த்தம் யானைமேல் போகும் மாதம் அது. மற்ற மாதங்களில் கொள்ளிடத்துத் தீர்த்தம், வெள்ளிக் குடம். ஈரப் புடவையோடு திரும்பியதும் அவள் கேட்கும் முதல் கேள்வி, "கூப்டுதா?"

தீபாவளிக்குக் கொல்லையில் வெடிக்கத் தடை; தெருவோடு சரி. சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடிக் கண்மாய்க்கு வரும் பறவைகளுக்காக ஊரே வெடியைத் துறந்திருப்பதைப் பின்னாளில் அறிந்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அந்தக் கண்மாய் சரணாலயமானதும் அதே 1977இல்தான்.

அந்த நவம்பரில் புயல் வந்தது. உய்யக்கொண்டானும் கோரையாறும் கரை மீறித் திருச்சியை மூழ்கடித்தன. எங்கள் மாமரத்தில் பெரிய கிளை ஒன்று முறிந்தது. மழை தொடங்கியதுமே பாட்டி கொட்டில் கதவைத் திறந்து வைத்திருந்தாள். காற்று அடங்கிய பிறகு போய்ப் பார்த்தால், வைக்கோலுக்கும் சுவருக்கும் நடுவில் அந்தப் பச்சை முதுகு.

பங்குனியில் ஒரு நாள் சத்தம் நின்றது. வடக்கே போய்விட்டது என்றாள் பாட்டி. அன்றே சருகைக் கூட்டி வாழைக்குப் போட்டாள்.

சாலிம் அலியின் பறவைப் புத்தகத்தை நான் கையில் எடுத்தபோது அவள் இல்லை. ஆறுமணிக் குருவிகள் இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, தென்மேற்குப் பருவமழை முடிந்ததும் தெற்கே வருகின்றன. சில கடல் தாண்டி இலங்கைக்கும் போகின்றன. எடை 50, 60 கிராம்தான். இரவில் பறப்பதால் விளக்கு வெளிச்சத்தில் திசை தடுமாறி வீடுகளுக்குள் வந்து விழுகின்றன. காசிப் பக்கம் என்று அவள் சொன்னது பெரிய தவறில்லை.

இப்போது நான் இருக்கும் தில்லைநகர் அடுக்ககத்தின் மொட்டைமாடியில் விடிய விடிய எரியும் ஒரு பெரிய விளக்கு உண்டு. புரட்டாசி, ஐப்பசியில் இரவு பத்து மணிக்குமேல் அதை அணைக்க வேண்டும் என்று சங்கத்தில் கேட்டேன். பாதுகாப்பு என்று இரண்டு பேர் தயங்கினார்கள். காவலாளி முசிறிக்காரர். "எங்க வாழைத்தோப்புல கத்துமே சார், அந்தக் குருவிக்கா?" என்றார். இப்போது அவரே நேரம் பார்த்து அணைத்துவிடுகிறார்.