அச்சிட்டோர் பெயர்

அச்சுத்தாள் எதுவாயினும் அதன் அடியோரத்தை முதலிற் பார்ப்பது விருதுநகர்ச் சீமையிற் பிறந்தோர்க்கு ஊறிப்போன பழக்கம். நாட்காட்டியோ, பாடநூலோ, தேர்தற் சுவரொட்டியோ, அங்கே பொடியெழுத்தில் ஒரு வரி இருக்கும். பெரும்பாலும் ‘சிவகாசி’ என்னும் சொல் அதில் நிற்கும். வடநாட்டுப் புகைவண்டி நிலையமொன்றின் தேநீர்க் கடையிலே தொங்கிய நாட்காட்டியில் அச்சொல்லைக் கண்டு, ஊர்க்காரரைச் சந்தித்தாற்போல யாம் மகிழ்ந்ததுண்டு. தொழிற்பெருமைக்காக இடப்படும் வரி அதுவென எண்ணுவார் பலர். அது சட்டம் இடுவித்த வரி. அச்சகங்களையும் நூல்களையும் பதிவு செய்தற்கென 1867 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், இந்நாட்டில் அச்சாகும் நூலிலும் தாளிலும் அச்சிட்டவர் பெயரும் அச்சிட்ட இடமும் தெளிவாக விளங்கவேண்டுமென விதித்தது. எழுதியவன் யாரென்று தெரியாதுபோயினும் விடை கூற ஒருவன் அகப்படவேண்டும் என்பதே அதன் உட்கருத்து.

சிவகாசிக்கு அச்சுத்தொழில் வந்த கதையும் ஈண்டு நினைக்கத்தக்கது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியது 1923 ஆம் ஆண்டினையொட்டி. தீப்பெட்டிக்கு மேலொட்டு வேண்டும்; மேலொட்டுக்கு அச்சகம் வேண்டும். பின்னர்ப் பட்டாசு வந்தது; அதற்கும் வண்ண வண்ணமான ஒட்டுத்தாள் வேண்டியதாயிற்று. ஆகவே வெடியும் அச்சும் எம் நாட்டில் ஒருவயிற்றுப் பிள்ளைகள். இரண்டையும் பற்றிச் சட்டம் கேட்பதும் ஒரே கேள்விதான்: செய்தவன் யார், எவ்விடத்தான்?

தேர்தற்காலத்தில் அக்கேள்வியின் கடுமையைக் காணலாம். 1951 ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127அ பிரிவின்படி, அச்சிடுபவர், வெளியிடுபவர் ஆகிய இருவர்தம் பெயரும் முகவரியும் இல்லாத தேர்தல் துண்டறிக்கையை அச்சிடலாகாது. வெளியிடுவோர் தாம் இன்னாரென உறுதிமொழி எழுதிக் கையொப்பமிடவேண்டும். அவரை நேரில் அறிந்த இருவர் சான்று கூறவேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். எமக்குப் பழக்கமான அச்சகத்தார் ஒருவர், “முழுப் பணத்தையும் முன்னாலே வைத்தாலும், கையெழுத்து வராமல் மெஷின் ஓடாது ஐயா,” என்பார். அவர் அச்சத்தினாற் சொல்கிறாரோ அறத்தினாற் சொல்கிறாரோ, யாம் ஆராயவில்லை. விளைவு ஒன்றே.

இனி இணையப் பக்கத்தைப் பார்ப்போம். ஒரு தீபாவளிக்கு முன்னர், அச்சுக் கோக்கும் பணியிலிருந்து ஓய்வு பெற்ற எம் அண்டை வீட்டு முதியவர் கைபேசியை எடுத்துக்கொண்டு வந்தார். வெளியூரிலிருக்கும் பேரப்பிள்ளைகட்கு அனுப்புவதற்காக, எண்பது விழுக்காடு தள்ளுபடி என விளம்பரம் செய்த பக்கமொன்றில் விலைப்பட்டியல் கண்டு, அதிலிருந்த எண்ணுக்கு 6,000 ரூபாய் அனுப்பியிருக்கிறார். பட்டாசு போய்ச் சேரவில்லை, எண்ணும் ஓய்ந்துவிட்டது. “தம்பி, அடியிலே எந்த அச்சகம் என்று போட்டிருக்குமே, கொஞ்சம் பாருங்கள்,” என்றார். இறுதிவரை விரலால் தள்ளிப் பார்த்தோம். தொழிற்சாலைப் படம் இருந்தது. உரிம எண் இருந்தது. தேவியின் திருவுருவமும் இருந்தது. அனைத்தும் பிறிதொரு மெய்யான ஆலையிடமிருந்து எடுத்தவை. அவ்வாலையின் வாயிலில் அவ்வாண்டு பணம் கட்டிய அடையாளத்தைக் கையில் ஏந்திக்கொண்டு வெளியூரார் சிலர் வந்து நின்றனர் என்றும், காவலாளிக்கு அவர்களைச் சமாதானம் செய்வதே வேலையாயிற்று என்றும் பின்னர் அறிந்தோம். பெயரைத் திருட்டுக் கொடுத்தவரும் பணத்தைத் திருட்டுக் கொடுத்தவரும் ஒருவரையொருவர் கள்வராக நோக்கும்படி நேர்ந்தது.

முதியவர் காவல் நிலையம் செல்லத் தயங்கினார். அதற்கும் காரணமுண்டு. 2018 அக்டோபர் 23 அன்று உச்சநீதிமன்றம் அர்ஜுன் கோபால் வழக்கில் வழங்கிய தீர்ப்பு, இணைய வணிகத் தளங்கள் பட்டாசுக்கு ஆணை பெறுவதையும் விற்பதையும் தடுத்தது. வாங்க முயன்ற தாமும் குற்றவாளியோ என்பது அவர் அச்சம். ஏமாந்தவன் குற்றவாளியல்லன் என்று தேற்றி, 1930 என்னும் உதவி எண்ணுக்கு முறையிடச் செய்தோம். (ஆண்டன்று, இணையக் குற்றங்கட்கென நாடெங்கும் அமைந்த தொலைபேசி எண்.)

அத்தீர்ப்பின் பின் எம் பகுதியிற் பல பக்கங்கள் புதுவேடம் பூண்டன. ‘நீதிமன்ற ஆணைப்படி இங்கு விற்பனை இல்லை, வேண்டுவனவற்றைத் தெரிந்தெடுத்து அனுப்புக, யாம் தொலைபேசியில் அழைப்போம்’ என்னும் பொருள்பட ஓர் அறிவிப்பு அவற்றில் நிற்கின்றது. கூடை உண்டு, விலை உண்டு, கடை மட்டும் இல்லை! நேர்மையான வணிகரும் இவ்வாறே எழுதுகின்றனர். வஞ்சகரும் அதனையே படியெடுக்கின்றனர். இதிலொரு வேடிக்கை உண்டு. இணைய வணிகர் தம் சட்டப் பெயரையும் தலைமை அலுவலக முகவரியையும் குறைகேட்கும் அலுவலர் பெயரையும் பக்கத்திற் காட்டவேண்டுமென 2020 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன. அச்சகத்தார் இட்ட அடிவரியின் மறுபிறவி அது. ஆனால், தன்னைக் கடையென்றே ஒப்புக்கொள்ளாத பக்கம் கடைக்குரிய விதிக்கு எங்ஙனம் தலைவணங்கும்?

பக்கத்தைத் தாங்கும் நிறுவனத்தைக் கேட்கலாமெனின், 2000 ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79 ஆம் பிரிவு அதனை ஏறக்குறைய தபால்காரனாகக் கருதுகிறது. உரிய கவனத்தோடு நடந்துகொண்டால், உறைக்குள் இருப்பதற்கு அது பொறுப்பன்று. நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிப்போ வந்தபின் நீக்கவேண்டும் என்று 2015 இல் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது. 2021 ஆம் ஆண்டு விதிகள் குறைகேட்கும் அலுவலரை வைக்கச் செய்தன. முறையீட்டை 24 மணி நேரத்தில் ஏற்கவும் பொதுவாக 15 நாளில் தீர்க்கவும் பணித்தன. தீபாவளி பதினைந்து நாள் காத்திருப்பதில்லை. பழைய 1867 ஆம் ஆண்டுச் சட்டமும் 2024 மார்ச் முதல் நீங்கிவிட்டது; அதன் இடத்தில் வந்தது அச்சிட்ட பருவ இதழ்களைப் பற்றியதேயன்றி வேறன்று.

செய்தியைத் தொடங்கியவன் பெயரைச் செய்தியிலேயே பொறித்துவிடலாமே என்னும் கருத்தும் நம் மாநிலத்தில் எழுந்ததே. சென்னை உயர்நீதிமன்றத்தில் 2018 இல் தொடங்கிய ஒரு வழக்கில், சமூக ஊடகக் கணக்குகளை ஆதாரோடு பிணைக்கவேண்டுமெனக் கேட்கப்பட்டது. அது வளர்ந்து, வாட்ஸ்அப் செய்தியின் மூலவரைக் கண்டறியக் கூடுமா என்ற விசாரணையாயிற்று. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் காமகோடி அவர்கள் அதற்கொரு வழியையும் 2019 இல் முன்மொழிந்தார். 2021 விதிகளில் அக்கடமை ஏறியது. அனுப்புவோரும் பெறுவோருமன்றிப் பிறர் படிக்கவொண்ணாத மறைகாப்பு இதனாற் குலையுமென வாட்ஸ்அப் தில்லி உயர்நீதிமன்றத்தை நாடியது.

எம் ஊர்ப் பழக்கத்தை எண்ணினால் யாம் அம்முறையை வரவேற்கவேண்டியவரே. ஆயினும் மனம் தடைபடுகிறது. 1908 இல் ‘இந்தியா’ பத்திரிகையின் மேல் அரசு பாய்ந்தபொழுது, சட்டப்படி ஆசிரியராகப் பெயர் கொடுத்திருந்த சீனிவாசன் சிறை சென்றார். பாரதியார் புதுச்சேரிக்குச் சென்று எழுத்தைத் தொடர்ந்தார். பெயர் பொறித்த இடத்திலேதான் விலங்கு மாட்டப்பட்டது. அதே புதுச்சேரியில் 2012 இல் ஒருவர், அரசியற் குடும்பத்தவர் ஒருவரைக் குறித்து ட்விட்டரில் எழுதிய சிறு வாக்கியத்திற்காக 66அ பிரிவின்கீழ்க் கைதானார். அப்பிரிவை உச்சநீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று செல்லாதென நீக்கியது.

ஆகவே யாம் இவ்வாறு பிரித்துக் காண்கிறோம். பணம் கேட்கும் பக்கம் தன் பெயரையும் தெருவையும் சொல்லியே ஆகவேண்டும். வாக்குக் கேட்கும் பக்கமும் அவ்வாறே. கருத்துச் சொல்பவனிடம் அதே வரியைக் கேட்பது வேறு காரியம். அவனைக் காட்டிக்கொடுக்கும் எந்திரத்தை முன்கூட்டியே செய்துவைப்பது அதனினும் வேறு. இரண்டையும் ஒரே விதியில் முடிந்துவைத்தால், வஞ்சகன் பொய்ப்பெயரில் வாங்கிய எண்ணோடு தப்புவான். மெய்ப்பெயரில் எழுதும் ஏழை அகப்படுவான்.

மேலே குறித்த அச்சகத்தாரை அண்மையிற் கண்டோம். இப்பொழுது விலைப்பட்டியலைத் தாளில் அச்சிடுவோர் குறைவாம். கைபேசியில் அனுப்பத்தக்க படமாகச் செய்துதரக் கேட்கிறார்களாம். படத்திற்கு அடிவரி வேண்டுமென எவரும் சொல்லவில்லை. எனினும் பழக்கத்தால் தம் அச்சகப் பெயரை ஓரத்தில் இட்டே கொடுக்கிறார். இவ்வாண்டு வாடிக்கையாளர் மூவர் அதனை எடுத்துவிடச் சொன்னார்கள் என்றார். இருவருக்கு எடுத்துக் கொடுத்தாராம். மூன்றாமவர் யாரென்று தமக்குத் தெரியாததால் வேலையையே திருப்பிவிட்டாராம்.