மேலவீதியில் ஒரு விடுதி

அரசாங்கக் குடியிருப்பில் வாழும் நம்மவர் பலருக்கும் வீடுகள் இரண்டு உண்டு. பணி ஓய்வு நாள் வரையில் நமது என்று எண்ணிக்கொள்ளும் வீடு ஒன்று. சட்டப்படி நமதே ஆயினும், ஆண்டுக்கு ஒருமுறை சென்று பூட்டைத் திறந்து, ஒட்டடை அடித்து, மீண்டும் பூட்டிவிட்டு வரும் வீடு மற்றொன்று. இவ்விரண்டிலும் சேராத ஒரு வீட்டில், சீன நாட்டின் பழைய நகர் ஒன்றில், 2019ஆம் ஆண்டு நவம்பரில் நான்கு இரவுகள் உறங்கி எழுந்தோம். அவ்வீடு இன்று விடுதி. அதைப் பற்றி எழுதுமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, ஊர் பார்த்த கதையாக எழுதிவிடலாம் என்றே அமர்ந்தோம். எழுத எழுத அது வேறொன்றாகிவிட்டது, அன்பர்கள் பொறுத்தருள்க.

சுவான்சோ என்னும் பெயரை நாங்கள் முதன்முதல் கேட்டது சங்கத்து மேடையில்தான். தென்கிழக்குச் சீனத்தில், புஜியன் மாநிலத்தில் உள்ள பழந்துறைமுகம் அது. மார்க்கோ போலோவும் இபின் பதூதாவும் ‘சைத்தூன்’ என்று எழுதிச் சென்ற நகரம். குப்ளாய் கான் ஆண்ட காலத்தில், கி.பி. 1281இல், சம்பந்தப் பெருமாள் என்ற தமிழர் ஒருவர் அங்கே சிவபெருமானை எழுந்தருளச் செய்து, தமிழிலேயே கல்வெட்டும் பொறித்து வைத்தார் என்று சொற்பொழிவாளர் சொன்னபோது, அவையில் எழுந்த கைதட்டலில் எங்கள் நான்கு கைகளும் இருந்தன. கைதட்டியவர் யாவரும் மறந்துவிட்டனர். நாங்கள் மட்டும் அஞ்சலகத்தில் தொடர் வைப்பு ஒன்று தொடங்கினோம்.

மைய அரசின் எழுத்தர் ஒருவர் அயல்நாடு செல்ல விரும்பினால், போகும் வழியைவிட அனுமதிக் கோப்பு போகும் வழி நீண்டது. செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்ற வினாவுக்குத் தொடர் வைப்புக் கணக்கின் நகலை இணைத்தோம். அத்துணைத் தூரம் எதற்கு என்று மேலலுவலர் கேட்டார். கல்வெட்டு என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. ‘ஊர் பார்க்க’ என்றோம். ஏழு வாரம் கழித்து அனுமதி வந்தது. குழந்தைகளைச் சித்தி வீட்டில் விட்டுப் புறப்பட்டோம்.

பெட்டியில் துணிமணிகளோடு ஒரு தாளும் வந்தது. காவிரிக் கரையில் உள்ள எங்கள் சிற்றூரில் பாட்டனார் கட்டிய ஓட்டு வீட்டை விற்பதற்கு, ஊரில் இருக்கும் தமையனார் அனுப்பியிருந்த அதிகாரப் பத்திரம் அது. மற்றைப் பங்காளிகள் யாவரும் இசைந்துவிட்டனர். எங்கள் கையொப்பம் ஒன்றே குறை. “போய்விட்டு வந்து போட்டனுப்பு; ஆனால் மாதக் கடைசியைத் தாண்டாதே” என்று சொல்லியிருந்தார்.

குவாங்சோ வரை வானூர்தி. அங்கிருந்து கடலோரமாகச் செல்லும் விரைவு இரயில். சுவான்சோவில் இறங்கி, முன்பதிவு செய்திருந்த தங்குமிடத்தை அடைந்தபோது இரவு எட்டு மணி. அங்கே எங்கள் கடவுச்சீட்டைப் புரட்டிப் பார்த்த இளைஞர் தலையை அசைத்து, கதவைக் காட்டினார். அயல்நாட்டினரைப் பதிவு செய்யும் வசதி அந்த இடத்துக்கு இல்லையாம். அந்நாட்டில் வெளியார் எங்கே தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் காவல் துறையில் பதிவாக வேண்டும். சிறிய தங்குமிடங்கள் பல இந்தத் தொல்லையே வேண்டாம் என்று அந்நாளில் விலகிக்கொண்டன. அவ்விளைஞர் மேல் எங்களுக்குக் கோபமில்லை. தில்லியில் வீடு தேடிய முதல் ஆண்டில், மதராசி என்று கேட்டதும் மூடிய கதவுகளை நாங்களும் பார்த்தவர்களே. ஆயினும் அவர் நல்லவர்; நான்கைந்து இடங்களுக்குத் தாமே தொலைபேசியில் பேசி, ஒரு முகவரியைத் தாளில் எழுதிக் கொடுத்தார்.

அந்த முகவரி ‘சீ ஜியே’ என்னும் தெருவை ஒட்டிய சந்து. மேற்கு வீதி என்று பொருள். நம் ஊர்க் கணக்கில் மேலவீதி. தஞ்சையிலும் மதுரையிலும் வீதிகளுக்குத் திசைப் பெயர் இட்டதைப் போல அங்கும் இட்டிருக்கிறார்கள். வீதியின் ஒருபுறம் கைய்யுவான் ஆலயம். அதன் முன்னே 13ஆம் நூற்றாண்டில் கல்லாலேயே எழுப்பிய இரு கோபுரங்கள், கிழக்கும் மேற்குமாக, நாற்பது மீட்டருக்கும் உயரமாக நிற்கின்றன. சந்துக்குள் விளக்கொளி மங்கியது. செங்கல் சுவரில் ஆள் உயர மரக்கதவு, பெயர்ப்பலகைகூடக் கையகலந்தான். விடுதி என்று தெரியாமல் இருமுறை கடந்து போனோம்.

கட்டணம் இரவுக்கு 360 யுவான். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 3,600 ரூபாய். பெரிய ஓட்டல்களுக்கு இது ஒன்றுமில்லை. தொடர் வைப்புக்காரருக்கு இது மிகுதி. அவ்வூரில் காய்கறிக்காரர்கூடக் கைப்பேசியில்தான் பணம் வாங்கினார். எங்களிடம் இருந்ததோ நோட்டு. வரவேற்பில் இருந்த பெண் அதனை எண்ணி, முன்பணத்துக்குக் கையால் எழுதிய இரசீது தந்தாள்.

உள்ளே சென்றவுடன் எங்கள் இல்லத்தரசி நின்றுவிட்டார். எதிரே முற்றம்! நான்கு புறமும் தாழ்வாரம் இறங்க, நடுவே வானம் திறந்து கிடந்தது. மழைநீர் விழுவதற்குக் கருங்கல் பரப்பிய பள்ளம். நீர் வெளியேறும் மூலைத்துளை. சீனர் இதனை ‘வானக் கிணறு’ என்று வழங்குகிறார்கள். அழகிய பெயர், எனினும் பெயர் வேறாயினும் இடம் அதுவே. எங்கள் ஊர் வீட்டு முற்றத்தில் அண்டா வைக்கும் மூலை எதுவோ, அந்த மூலையில் இவர்கள் ஒரு மூங்கில் செடியை நட்டு, அடியில் சிறு விளக்கு ஒன்றை மறைத்து வைத்திருந்தார்கள். கூரை முகடு இரு முனையிலும் தூக்கணமாய் மேலெழுந்து, தைலான் குருவியின் வால் போலப் பிளந்திருந்தது. இது அவ்வட்டாரத்துச் செங்கல் வீடுகளுக்கே உரிய அமைப்பு.

அறையோ புதுப்பாணி. சுண்ணாம்பு பூசாத பழஞ்சுவர் ஒருபுறம் இருக்க, கட்டில் தரையோடு தரையாகக் கிடந்தது. மெத்தை பலகையைப் போன்ற உறுதி. விளக்குகள் யாவும் அழகுக்காக எரிந்தனவே தவிர, படிக்க உதவவில்லை. குளியலறைக்கும் படுக்கைக்கும் இடையே சுவர் இல்லை, தெளிந்த கண்ணாடி! பதினைந்து ஆண்டு இல்லறத்துக்குப் பின்னும் இப்படி ஒரு சோதனையா என்று திகைத்தோம். மறுநாள் வரவேற்புப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு பொத்தானைக் காட்டினாள். மேலிருந்து திரை இறங்கியது. முதல் நாள் இரவு அந்தப் பொத்தானை அறியாமல் ஒருவர் குளிக்க மற்றவர் முற்றத்தில் அமர்ந்திருந்ததும் ஒரு நன்மையே. அன்றைக்குத்தான் கோபுரத்து உச்சியில் நிலவைக் கண்டோம்.

காலை உணவு கஞ்சி. வெள்ளைக் கஞ்சி, உடன் உப்பிட்ட கடுகுக் கீரைத் தண்டு, வறுத்த வேர்க்கடலை. ஆங்கிலேயர் இதற்கு வழங்கும் பெயர் நம் ‘கஞ்சி’யே என்பது உலகறிந்த செய்தி, அதற்காகச் சீனருக்குக் கஞ்சி காய்ச்சக் கற்றுத் தந்தவர் நாம் என்று மார்தட்ட வேண்டியதில்லை. மரக்கறி உண்போருக்கு உரிய சீன எழுத்து ஒன்றை அப்பெண் சீட்டில் எழுதித் தந்தாள். ஆலயத்தை அடுத்த கடைகளில் அச்சீட்டே எங்களைக் காத்தது.

ஆலயத்தின் பெருமண்டபத்துப் பின்புறம் இரு தூண்கள் உள்ளன. நரசிம்மரும் கண்ணனும் அவற்றில் இருக்கிறார்கள். என்றோ இடிந்துபோன கோயில் ஒன்றிலிருந்து, மிங் அரச மரபின் காலத்தில் மண்டபத்தைப் புதுப்பித்தபோது கொண்டுவந்து நிறுத்தியவை என்பர். பல ஆண்டு ஏங்கிய காட்சி. கண்டதும் கண் கலங்கியது உண்மை. அதனை விரித்தெழுத அறிஞர் பலர் உளர். எங்களுக்குச் சொல்ல வேண்டியிருப்பது விடுதிக்கு நாள்தோறும் வந்த முதியவரைப் பற்றி.

காலை ஏழு மணிக்கு அவர் வருவார். எண்பதை எட்டியவர். வாயிலில் நின்று வரவேற்புப் பெண்ணிடம் ஏதோ சொல்லுவார். அவள் எழுந்து வழிவிடுவாள். நடுக்கூடத்துப் பழைய மேசையின் மேல் ஊதுவத்தி ஏற்றிவிட்டு, முற்றத்து ஓரத்தில் அமர்ந்து தேநீர் காய்ச்சுவார். அவ்வூரை அடுத்த அன்சியில் விளையும் தேயிலை. முதல் நீரைக் கீழே ஊற்றிவிட்டு, இரண்டாம் நீரைத்தான் விரற்கடை அளவுக் கிண்ணத்தில் பருகுகிறார்கள். மூன்றாம் நாள் எங்களையும் கையசைத்து அழைத்தார். அப்பெண் தன் கைப்பேசியை நடுவில் வைத்தாள். அவர் சீனத்தில் பேச, அது ஆங்கிலமாகி, எங்கள் நெஞ்சில் தமிழாயிற்று.

அந்த வீட்டைக் கட்டியவர் அவருடைய பாட்டனார். பிழைப்புக்காக மணிலாவுக்குக் கப்பலேறியவர். பணமும் கடிதமும் ஒரே உறையில் வருமாம். கடல் கடந்த சீனர் அவ்வாறு அனுப்பிய மடல்களை 2013இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்திருக்கிறது. எங்களுக்கோ, தந்தையார் தில்லியிலிருந்து அனுப்பிய மணியார்டர் தாளின் அடியில், ‘நலம், ஓடு மாற்றவும்’ என்று எழுத இருந்த சிறு இடம் நினைவில் வந்தது. பாட்டனார் மறைந்தபின் வாரிசுகள் பதினொருவர். பாதிப் பேர் மணிலாவில். ஒருவர் பழுது பார்க்க எண்ணினால் மற்றவர் இசைவு வேண்டும். இசைவு வருவதற்குள் கூரையின் பாதி விழுந்து, கூடத்தில் செடி முளைத்தது. பிறகு வேற்றூர் இளைஞர் சிலர் வந்து 15 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்துச் செப்பனிட்டனர். மேசையை நகர்த்தக் கூடாது என்பதும், தாம் வந்து ஊதுவத்தி ஏற்றலாம் என்பதும் அவர் இட்ட நிபந்தனைகள்.

நாங்கள் தங்கிய அறை எது என்று வினவினார். காட்டினோம். அங்கேதான் தாம் பிறந்ததாகச் சொன்னார். கண்ணாடிக் குளியலறை இருக்கும் இடத்தில் அன்று அரிசிக் குதிர் இருந்ததாம்.

“உங்கள் வீட்டுக்குள் வர இந்தப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டு வரவேண்டியிருக்கிறதே, ஐயா, வருத்தமில்லையா?” என்று இல்லத்தரசி கேட்டார். அப்பெண் அதனைக் கைப்பேசியிடம் சொல்லத் தயங்கினாள். பின்பு சொன்னாள். முதியவர் நெடுநேரம் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கருவி அவர் விடையை இவ்வாறு தந்தது: “கூரை இருக்கிறது. நான் விருந்தாளி.”

வெளியே சந்தின் முனையில் முள்ளடர்ந்த மரமொன்று நின்றது. சைத்தூன் என்ற பெயர் வந்ததே அம்மரத்தின் சீனப் பெயரால் என்பர். முன்னாளில் நகரைச் சூழ அதனை நட்டிருந்தார்களாம். இலையைக் கிள்ளி முகர்ந்த இல்லத்தரசி, “கல்யாண முருங்கை!” என்றார். எங்கள் ஊர்க் கொல்லையிலும் ஒன்று உண்டு. சளி கண்டால் அம்மா அதன் இலையில் அடை தட்டுவார்.

கடைசி இரவு அந்தப் பத்திரத்தை எடுத்தோம். விளக்கின் அடியில் எழுத்துத் தெரியாததால் முற்றத்துக்குக் கொண்டுவந்து படித்தோம். நாற்புறமும் எல்லை சொல்லி, ‘ஓட்டு வீடு, முற்றம், கொல்லை, மரம் மட்டை உள்பட’ என்று அதில் எழுதியிருந்தது. விடுதித் தாளிலேயே தமையனாருக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினோம். விற்க வேண்டாம், குத்தகைக்கு விடலாம், செட்டிநாட்டில் அப்படி எத்தனையோ வீடுகள் விடுதிகளாகி நிற்கின்றனவே என்று. கடிதத்தைத் தில்லி திரும்பியதும் அனுப்பினோம்.

பத்து நாளில் விடை வந்தது. அவர் கோபமாக எழுதவில்லை. எழுதியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். ‘அந்த ஊருக்கு உலகம் வரும். நம் ஊருக்கு யார் வருவார்? பேருந்து நிலையத்துக்கு அருகில் இருப்பதால்தான் இந்த விலை. கடந்த ஆறு மழைக்கும் ஓடு மாற்றியவன் நான். இதுவரை நீ முற்றத்தைப் பற்றிக் கேட்டதில்லை’ என்று எழுதியிருந்தார். இதற்கு மறுமொழி எங்களிடம் இருக்கவில்லை. 2020 ஜனவரியில் கையொப்பமிட்டோம். இரண்டே நாளில் இடித்துவிட்டார்கள் என்று கேள்வி. வாயிற்கதவை மட்டும் தமையனார் லாரியில் ஏற்றி அனுப்பினார். இரண்டாம் மாடிக் குடியிருப்பில் அது நுழையவில்லை. மாடிப்படியின் திருப்பத்தில் சார்த்தி வைத்திருக்கிறோம். அண்டை வீட்டார் குறை சொல்லாதது அவர்கள் பெருந்தன்மை.

சுவான்சோ 2021இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. மேலவீதியில் இப்போது கூட்டம் பெருகியிருக்கும், கட்டணமும் ஏறியிருக்கும். வரவேற்புப் பெண் விடைபெறும்போது ‘வீசாட்’ செயலியில் தன் பெயரைப் பதிந்து தந்திருந்தாள். அதில் 2020 மார்ச்சில் அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. நோய்ப் பரவலால் விடுதி மூடப்பட்டு, பணியாளர் யாவரும் ஊர் திரும்பிவிட்டனர் என்றும், சாவி இப்போது தாத்தாவிடம் இருக்கிறது, நாள்தோறும் வந்து அவரே முற்றத்தைப் பெருக்குகிறார் என்றும் எழுதியிருந்தாள். கூடவே ஒரு படம்: மூங்கில் செடியின் அருகே துடைப்பம் சார்த்தியிருந்தது, அவர் படத்தில் இல்லை. ஜூன் மாதக் கடைசியில் அச்செயலி நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. அதன்பின் செய்தி ஏதும் இல்லை.