யாரென்று கேட்காத கூடம்

லண்டன், டிசம்பர்



இங்கே மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது. எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் 'லாஸ்ட் கிறிஸ்மஸ்' பாட்டுதான். 1984-ல் வந்த பாட்டு, இன்னும் ஓயவில்லை. அதைப் பாடிய ஜார்ஜ் மைக்கேல் 2016-ல் கிறிஸ்மஸ் அன்றே காலமானார். வயது 53. அவர் கண்மூடிய பிறகுதான் அவருடைய இன்னொரு முகம் இந்த நாட்டுக்குத் தெரியவந்தது. ஒவ்வொரு டிசம்பரிலும் எனக்கு அது நினைவுக்கு வரும்.

சைல்ட்லைன் என்று இங்கே ஒரு அமைப்பு இருக்கிறது. எஸ்தர் ரான்ட்ஸன் என்ற தொலைக்காட்சித் தொகுப்பாளர் 1986-ல் தொடங்கியது. வீட்டில் அடிபடும் பிள்ளை, வீட்டைவிட்டு ஓடிவந்து போக்கிடம் தெரியாமல் நிற்கும் பிள்ளை, யாரானாலும் 0800 1111 என்ற எண்ணில் காசில்லாமல் பேசலாம். பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. 1996-ல் வெளியான தன் 'ஜீஸஸ் டு எ சைல்ட்' பாட்டின் ராயல்டி முழுவதையும் ஜார்ஜ் மைக்கேல் இந்த அமைப்புக்கே கொடுத்திருந்தார். பல ஆண்டுகளாக அவர் தந்தது பல மில்லியன் பவுண்டு என்றும், வெளியே சொல்லக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார் என்றும் அவர் மறைவுக்குப் பிறகு ரான்ட்ஸன் சொன்னார்.

வீடற்றவர்களுக்கான காப்பகம் ஒன்றில் தொண்டு செய்த ஒருவரும் அவர் மறைந்த பிறகுதான் வாய் திறந்தார். ஜார்ஜ் மைக்கேல் அங்கே வந்து, தான் யாரென்று வெளியே தெரியாமல் வேலை செய்தாராம். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டாராம். அவர் உயிரோடு இருந்தவரை அவர்களும் சொல்லவில்லை.

ஊரே அறிந்த முகம் அது. சைப்ரஸிலிருந்து பிழைக்க வந்து உணவகம் நடத்திய கிரேக்கரின் மகன். வீட்டில் வைத்த பெயர் யோர்கியோஸ் கிரியாகோஸ் பனயியோட்டு. புகழ் வருவதற்கு முன்னால் நண்பனோடு பாதாள ரயில் நிலையங்களில் நின்று வழிப்போக்கர்களுக்குப் பாடியவர். அதே நிலையங்களின் வாசலில்தான் இன்று இளம் பிள்ளைகள் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

கண்ணில் படாதவர்கள் இன்னும் அதிகம். பெற்றோர் பிரிந்து, புதிதாக ஒருவர் வீட்டுக்குள் வந்ததும் பிள்ளைக்கு இடமில்லாமல் போகிறது. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் நகராட்சி தங்க இடம் கொடுத்தாக வேண்டும். அதைத் தாண்டிய, உடல்நலமுள்ள தனியாளுக்குப் பெரும்பாலும் அந்த முன்னுரிமை கிடையாது. சில நாள் ஒரு நண்பன் வீட்டு சோபா, சில நாள் இன்னொருவன் வீடு, அதுவும் தீர்ந்தால் விடிய விடிய ஓடும் இரவுப் பேருந்து.

கொரோனாவுக்கு முன்பு இரண்டு குளிர்காலம், எங்கள் பகுதித் தேவாலயங்கள் சேர்ந்து நடத்திய இரவுக் காப்பகத்தில் சமைத்துப் பரிமாறப் போனேன். இரவுக்கு ஒரு தேவாலயம் என்று முறை. கூடத்தில் மடக்குக் கட்டில்கள், நீள மேசை, சூடாகச் சாப்பாடு. முதல் நாள் ஒரு பையன் வந்தான். பத்தொன்பது வயதிருக்கும். வந்ததும் கைபேசியை சார்ஜில் போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தான். சோறும் கோழிக்குழம்பும் வைத்தேன். நம் வழக்கப்படி, "எந்த ஊர் தம்பி? அப்பா அம்மா எங்கே இருக்காங்க?" என்பதையே அவனிடம் ஆங்கிலத்தில் கேட்டேன்.

அவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

பொறுப்பாளர் அம்மா என்னைச் சமையலறைக்குள் அழைத்துப்போனார். "நகராட்சி ஆபீஸ், வேலைவாய்ப்பு ஆபீஸ் என்று பகலெல்லாம் இவர்கள் தங்கள் கதையைச் சொல்லித்தான் எதையும் வாங்கியாக வேண்டும். இங்கேயாவது சொல்லாமல் சாப்பிடட்டும்" என்றார்.

அன்று இரவு வீடு திரும்பும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. என் கரிசனத்துக்கு அந்தப் பிள்ளையிடம் நான் விலை கேட்டிருக்கிறேன். கொடுப்பவர் தன் பெயர் தெரிய வேண்டும் என்று நினைத்துவிட்டால், வாங்குபவரின் முகமும் கதையும் கூடவே வெளியே வந்துவிடுகின்றன. புகைப்படத்தில் இருவரும்தானே நிற்க வேண்டியிருக்கிறது! ஜார்ஜ் மைக்கேல் தன் பெயரை மறைத்ததைத் தன்னடக்கம் என்று மட்டுமே அதுவரை நினைத்திருந்தேன். சைல்ட்லைனில் பெயர் சொல்லாமல் அழுதுகொண்டே பேசும் பிள்ளைக்குப் பெயர் சொல்லாமல் கொடுப்பதே சரியான கொடை என்று அன்றைக்குப் புரிந்தது. அவர் தொண்டு செய்த காப்பகத்திலும் பரிமாறியவரும் சாப்பிட்டவரும் ஒருவரை ஒருவர் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அடுத்த வாரம் அந்தப் பையன் மறுபடி வந்தான். கைபேசியை சார்ஜில் போட்டான். தட்டில் சோறு வைத்தேன். குனிந்து சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, ஒன்றே ஒன்று மட்டும் கேட்டேன்.

"இன்னும் கொஞ்சம் போடட்டுமா?"

நிமிர்ந்து பார்த்துத் தட்டை நீட்டினான்.

அன்புடன்,
உங்கள் லண்டன் மடல்காரன்