சாமானியனை எழுதியதற்கு நன்றி

மதிப்பிற்குரிய ராபர்ட் போல்ட் அவர்களுக்கு,

நீங்கள் மறைந்தது 1995இல். இந்த மடல் உங்கள் கைக்கு வராது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். கடன் கடன்தானே.

'எ மேன் ஃபார் ஆல் சீசன்ஸ்' நாடகத்தை முதலில் படித்தபோது எனக்கு இருபது வயது. அதன் நாயகன் தாமஸ் மோரைத் தவிர வேறு யாரும் என் கண்ணில் படவில்லை. எட்டாம் ஹென்றி தன் அரசியைத் தள்ளிவிட்டு ஆன் பொலினை மணக்க முனைகிறார், இங்கிலாந்துத் திருச்சபைக்கும் தானே தலைவர் என்கிறார். பிரபுக்களும் ஆயர்களும் தலையாட்டுகிறார்கள். மோர் 1532இல் சான்சலர் பதவியைத் துறந்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். எதிர்த்து ஒரு சொல்கூடப் பேசவில்லை. பேசாமல் இருந்ததைத்தான் அரசரால் பொறுக்க முடியவில்லை.

'மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி' என்று நம் ஊரில் கல்யாணப் பேச்சில் சொல்வோம். ஏறக்குறைய அதே வாக்கியத்தைச் சட்ட விதியாகப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் தன் கழுத்தைக் காக்கப் பார்த்தார் என்று படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவருக்குச் சாக ஆசையே இல்லை. அரசரின் மணத்தை ஏற்கும் உறுதிமொழிச் சட்டம் வருகிறது என்று மகள் மார்கரெட் சொன்னதும் அவர் விடாமல் கேட்பது, அதன் வாசகம் என்ன என்பதுதான். எடுக்க முடிந்த உறுதிமொழியாக இருந்தால் எடுத்துவிடலாமே என்ற நப்பாசை. வாசகத்தைப் பார்த்த பிறகுதான், இனி ஒதுங்க இடமில்லை என்று நிற்கிறார். தியாகியாக வேண்டும் என்று துடித்தவராக அவரை எழுதாமல், குடும்பஸ்தராகவும் வக்கீலாகவும் எழுதினீர்களே, அதற்கு முதல் நன்றி.

பெரிய நன்றி வேறொன்றுக்கு.

பல வருஷம் கழித்து, நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு விசாரணை அறிக்கை என் மேசைக்கு வந்தது. கடைநிலை ஊழியர் ஒருவர்மேல் பழியைப் போட்டு எழுதியிருந்தார்கள். அவர் அதைச் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். எனக்கு மேலே மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நானும் போட்டேன்.

அன்றிரவு உங்கள் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். இந்த முறை மோர் கண்ணில் படவில்லை. உங்கள் சாமானியன்தான் பக்கத்துக்குப் பக்கம் நின்றான். ஒரே நடிகர் உடுப்பை மட்டும் மாற்றிக்கொண்டு மோர் வீட்டு வேலைக்காரனாக, படகுக்காரனாக, சத்திரக்காரனாக, சிறைக் காவலனாக, ஜூரிகளின் தலைவனாக, கடைசியில் கோடரி ஏந்தித் தலைவெட்டுபவனாக வருகிறார். அவன் கெட்டவன் இல்லை. கூலி குறைந்தால் வேறு வேலை தேடுவான். வேவு சொல்ல ஐம்பது கினி தருகிறோம் என்றால், தொகையின் பெரிசைப் பார்த்தே பயந்துபோவான். யாரோடும் அவனுக்குப் பகையில்லை. ஆனாலும் மோரின் தலை விழுகிற இடம்வரை ஒவ்வொரு படியிலும் அவன் கை இருக்கிறது. மோருக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொல்லி வேல்ஸில் பதவி வாங்கிய ரிச்சர்ட் ரிச்சை வெறுப்பது எளிது. சாமானியனை என்னால் வெறுக்க முடியவில்லை. அவன் போட்டது என் சட்டை.

மறுநாள் போய் என் கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தேன். அதனால் அந்த ஊழியருக்கு வேலை திரும்பிவிடவில்லை. நடந்ததைக் கூட்டிச் சொல்ல விருப்பமில்லை.

உங்கள் நாடகம் லண்டன் குளோப் அரங்கில் மேடையேறியது 1960 ஜூலை 1 அன்று. மோர் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் விசாரணைக்கு நின்றதும் 1535இல் அதே ஜூலை 1தான். நாடகம் மேடையேறிய அடுத்த ஆண்டே உங்களுக்கும் ஒரு தாள் வந்தது. அணுகுண்டை எதிர்த்த போராட்டத்தில், நன்னடத்தைப் பிணையில் கையெழுத்திட மறுத்து ஒரு மாதச் சிறைக்குப் போனீர்கள். 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' திரைக்கதை பாதியில் நின்றது. தயாரிப்பாளர் சாம் ஸ்பீகல் வந்து வற்புறுத்த, கையெழுத்திட்டு வெளியே வந்தீர்கள். அதற்காக வெகுகாலம் வருந்தினீர்கள். இதை அறிந்தபோது உங்கள்மேல் என் மதிப்பு குறையவில்லை. இந்த நாடகத்தை எழுதியவருக்கே கை தளர்ந்தது என்றால், அந்தத் தாளுக்கு என்ன கனம் என்று எனக்குப் புரிந்தது.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். மோர் சான்சலராக இருந்த நாளில், மதக் கொள்கை மாறியதற்காகச் சிலர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். அவர் அதை ஆதரித்தவர். உங்கள் மேடையில் அந்தப் புகை இல்லை. அவர்களுக்கும் மனச்சாட்சி இருந்தது.

1966இல் வந்த திரைப்படம் ஆறு ஆஸ்கர்களை வாங்கியது. பால் ஸ்கோஃபீல்டின் முகத்தை மறக்கவே முடியாது. ஆனால் திரைக்கதையில் நீங்களே சாமானியனை எடுத்துவிட்டீர்கள். அதனால்தான் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன். இந்த நாடகத்தை மேடையேற்ற நினைக்கும் இளைஞர்களே, படத்தைப் பார்த்துவிட்டு ஆரம்பிக்காதீர்கள், நூலைப் படியுங்கள். நேரம் போதவில்லை என்றால் வேறு எதை வேண்டுமானாலும் குறையுங்கள். சாமானியனை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.


உங்கள் வாசகன்